24,650 ரூபாய் எஸ்டிமேட், 8,300 ரூபாய் பில்: ஒரு கார் சர்வீஸ் சென்டர் அனுபவம்

கோவையில் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் சென்டரில் என் வண்டியின் 40,000 கிலோமீட்டர் சர்வீஸை முடித்தேன். பெட்ரோல் வண்டி, வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வண்டி கைக்கு வந்தது. வாட்டர் வாஷும் நன்றாகவே செய்திருந்தார்கள். ஆனால் அவர்கள் செய்யச் சொன்ன கூடுதல் வேலைகளில் ஒன்றைத் தவிர மற்ற எதுவும் இப்போது என் வண்டிக்குத் தேவையில்லை. கார் வைத்திருக்கும் பலருக்கும் இதே பட்டியல் வருகிறது என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

காலையில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் வழக்கமான சர்வீஸ் மட்டும்தான் இருந்தது: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக். மதியம் சர்வீஸ் அட்வைசர் போன் செய்தார். "மேடம், வண்டிய செக் பண்ணிட்டோம். கொஞ்சம் எக்ஸ்ட்ரா வேலை இருக்குங்க. வாட்ஸ்அப்ல எஸ்டிமேட் போட்டிருக்கேன், ஓகே பண்ணிடுங்க" என்றார். திறந்து பார்த்தால் 24,650 ரூபாய். முன்பக்க பிரேக் பேட் 3,800, பேட்டரி 5,600, அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் கோட்டிங் 3,900, இன்ஜின் ஃப்ளஷும் (இன்ஜினின் உட்புறத்தைக் கழுவுவது) இன்ஜெக்டர் கிளீனிங்கும் (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகத்தைச் சுத்தம் செய்வது) சேர்த்து 1,650, ஏசிக்குக் கிருமிநீக்கம் 1,400, பிரேக் ஆயில் 900. நான் கேட்ட சர்வீஸுக்கு ஆனது 7,400 மட்டும்.

ஓகே சொல்லாமல் நேரில் போனேன். ஓனர்ஸ் மேனுவலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பிரேக் பேட். "தேஞ்சு போச்சு மேடம், சேஃப்டி விஷயம், ரிஸ்க் எடுக்காதீங்க" என்றார் அட்வைசர். எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். அவரிடம் கணக்கு இல்லை. அளந்து காட்டுங்கள், நானும் பார்க்கிறேன் என்றேன். ஃப்ளோருக்குள் வாடிக்கையாளர்களை விடுவதில்லை என்று தயங்கினார். சூப்பர்வைசரிடம் கேட்டதும் அவர் அழைத்துப் போனார். வண்டி லிஃப்டில் இருந்தது, சக்கரத்தையும் கழற்றியிருந்தார்கள். மெக்கானிக் அளந்தார்: 6 மில்லிமீட்டர். புது பேட் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும், மாற்ற வேண்டியது 3 அல்லது 2-க்கு வரும்போது. 40,000 கிலோமீட்டரில் 4 மில்லிமீட்டர்தான் தேய்ந்திருக்கிறது என்றால் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்த மெக்கானிக்கே, "அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். பல வண்டிகளில் பேடோடு ஒரு சின்னத் தகடும் இருக்கும். பேட் தேய்ந்து தீரும் நேரத்தில் அது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

பேட்டரிக்கு டெஸ்டர் சீட்டைக் கேட்டேன். எடுக்கவே இல்லையாம். அங்கேயே எடுக்கச் சொன்னேன். இன்ஜின் நிறுத்திய நிலையில் 12.5 வோல்ட், சீட்டிலும் 'குட்' என்றுதான் அச்சாகி வந்தது. போன வருடம் மாற்றிய பேட்டரி அது. உண்மையிலேயே வீக் என்றாலும் வாரண்டியில் பேட்டரி கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், 5,600 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது?

துரு கோட்டிங், தூத்துக்குடியிலோ சென்னையில் கடலோரமாகவோ உப்புக்காற்றில் நிற்கும் வண்டி என்றால் யோசிக்கலாம். என் வண்டி கோவையில் கூரைக்குக் கீழே நிற்கிறது. இன்ஜின் ஃப்ளஷ் மேனுவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன், பதில் வரவில்லை. சர்வீஸ் அட்டவணையில் அப்படி ஒரு வரியே இல்லை. மைலேஜ் குறையவில்லை, ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, நடுக்கம் இல்லை, அப்புறம் இன்ஜெக்டரை எதற்குத் தொட வேண்டும்? ஏசியில் வாடை வந்தால் முதலில், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், சில நூறு ரூபாய்தான், நாமே மாற்றிவிடலாம்.

பிரேக் ஆயிலில் மட்டும் அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று என் மேனுவலில் இருக்கிறது. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். ஆழியாறு – வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, ஆயில் உள்ளேயே கொதித்துக் குமிழி கட்டும். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நாங்கள் அடிக்கடி மலையேறும் குடும்பம். மறுபேச்சு இல்லாமல் 900 ரூபாய்க்குச் சம்மதித்தேன். வேண்டாத ஐந்துக்கு நடுவே வேண்டிய ஒன்றும் இருக்கிறது பாருங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் தப்பு, கோபத்தில் எல்லாவற்றையும் தள்ளுவதும் தப்பு. அட்வைசர்களுக்கு டார்கெட்டும் இன்சென்டிவும் இருப்பதால் தேவையானதையும் தேவையில்லாததையும் ஒரே குரலில் சொல்கிறார்கள். நாம்தான் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு உண்மையிலேயே மனது கஷ்டமானது லவுஞ்சில்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், "சேஃப்டின்னு சொல்றாங்களேம்மா, வேற என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே ஓகே அழுத்தப் போனார். "ஐயா, அளந்து காட்டச் சொல்லுங்க, கழட்டுற பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்குங்க" என்றேன். எழுந்து கவுன்டருக்குப் போனார். 'சேஃப்டி' என்ற சொல்லை இப்படிப் பயமுறுத்தப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

வெளியில் வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். கேட்காமல் வேலை செய்து பில்லில் சேர்த்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். அதற்கு ஜாப் கார்டில் "என் சம்மதம் இல்லாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது" என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்லது.

வேலைத் தரத்துக்கு ஐந்துக்கு நான்கு, பரிந்துரைக்கு ஒன்று. அடுத்த சர்வீஸுக்கும் இங்கேதான் விடுவேன், அந்த மெக்கானிக்கை நம்பி. பேட் 6 மில்லிமீட்டர் என்பதை இந்த ஜாப் கார்டிலேயே எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.