டமியா சுப்ராவா, ரெவெல் கமாரோவா?

என் மேசையில், உதிரிகளை ஒட்டி நானே கட்டிய இரண்டு பிளாஸ்டிக் மாடல் கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று டமியா கம்பெனி செய்த டொயோட்டா சுப்ரா, 1993-இல் வந்த தலைமுறை. இன்னொன்று ரெவெல் கம்பெனியின் 1969 ஷெவர்லே கமாரோ ஸி/28. அளந்து பார்த்தால் இரண்டுமே கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர். நிஜ வண்டிகளில் சுப்ரா சுமார் 4.52 மீட்டர், கமாரோ 4.72 மீட்டர். தெருவில் நிறுத்தினால் கமாரோ ஒரு சாண் நீளம் அதிகம். என் மேசையில் அந்த ஒரு சாண் காணாமல் போய்விட்டது.

காரணம் சின்னதுதான். சுப்ரா 1/24, அதாவது நிஜ வண்டியின் இருபத்துநாலில் ஒரு பங்கு. கமாரோ 1/25. முதல் அளவு அடி, அங்குலக் கணக்கில் சுலபமாக அடங்கும்: நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். இரண்டாவது அமெரிக்க ஷோரூம்களிலிருந்து வந்தது. புது மாடல் வந்ததும் டீலர்கள் வாடிக்கையாளர்களுக்குக் காட்டவும் கொடுக்கவும் வைத்திருந்த பிளாஸ்டிக் கார்கள் பெரும்பாலும் 1/25 அளவில் இருந்தன. அவற்றைச் செய்துகொண்டிருந்த மிச்சிகனின் ஏஎம்டி நிறுவனம் 1958-இல் அதே அளவில், உதிரிகளாக வாங்கி நாமே கட்டும் கிட்டுகளையும் விற்க ஆரம்பித்தது. அந்த வழக்கம் இன்றுவரை அமெரிக்கக் கிட்டுகளில் தொடர்கிறது. அதனால் ஜப்பான் காரையும் அமெரிக்கக் காரையும் ஒரே தட்டில் அடுக்காதீர்கள். அமெரிக்க வண்டியின் முரட்டு உடம்பு ஜப்பான் வண்டிக்குப் பக்கத்தில் இளைத்துத் தெரியும்.

முதல் கிட்டாக எதை வாங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் சுப்ரா பக்கம் கை காட்டுவேன். டமியா 1946-இல் ஜப்பானின் ஷிசுவோகாவில் மரக்கடையாகத் தொடங்கி, மரப் பொம்மைகளுக்குப் போய், 1960 வாக்கில் பிளாஸ்டிக்குக்கு மாறிய கம்பெனி. அந்த மரவேலைக்காரரின் கணக்கு இன்னும் அவர்கள் வார்ப்பு அச்சில் இருப்பதாக எனக்குப் படும். உதிரியை, அது ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய காம்பை லேசாகத் தேய்த்தால் போதும், போய் உட்கார்ந்துவிடும். கடைசியில் மேல்கூட்டைச் சேசிஸ் மேல் வைத்து, பக்கவாட்டை மெதுவாக விரித்து அழுத்தும்போது ஒரு சின்ன ‘டக்’ கேட்கும். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத சத்தம் அது. சக்கரங்களுக்குள் பாலி கேப் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் வளையம் ஒன்று ஒளிந்திருக்கும். கோந்தே இல்லாமல் சக்கர அச்சில் தள்ளினால் நிற்கும், சுழலும், வேண்டுமானால் கழற்றியும் மாட்டலாம். விளக்கத்தாளில் எழுத்து குறைவு, படம் அதிகம். ஒவ்வொரு உதிரிக்கும் பெயின்ட் எண் உண்டு. அது டமியாவின் சொந்தப் பெயின்ட் எண் மட்டும் என்பதுதான் குறை. வேறு கம்பெனிப் பெயின்ட் வைத்திருப்பவர் பொருத்தப் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அமெரிக்கக் கிட்டின் கதை வேறு. அச்சு பழையதாக இருந்தால் விளிம்புகளில் பிசிறு இருக்கும், தடித்த இடங்களில் பிளாஸ்டிக் உள்வாங்கிக் குழி விழுந்திருக்கும், மேல்கூட்டில் அச்சு சேர்ந்த கோடு கூரைத் தூணில் தொடங்கி பானெட் ஓரம் வரை ஓடும். 600, 1000, 2000 என்று வாட்டர் பேப்பர் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். குழிக்குப் பட்டி பார்க்க வேண்டும், காய விட்டு மறுபடியும் தேய்க்க வேண்டும். குரோம் பூசிய பம்பரைச் சட்டத்திலிருந்து வெட்டினால், வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி நிற்கும். அதைக் குரோம் பேனாவால் தொட்டு மறைக்கலாம். மனசு கேட்காதவர்கள் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து முழுக் குரோமையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். நான் இரண்டாவது ரகம்.

இவ்வளவு பாடு எதற்கு? எஞ்சினுக்காகத்தான்.

சுப்ராவிலும் எஞ்சின் இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் அமெரிக்கக் கிட்டில் நீங்கள் எஞ்சினையே கட்டுகிறீர்கள். பிளாக் இரண்டு பாதியாக வரும். கியர்பாக்ஸும் அதோடு சேர்ந்திருக்கும். அவற்றை ஒட்டி, சிலிண்டர் ஹெட், இன்டேக், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட், ஆல்டர்னேட்டர், விசிறி என்று ஒவ்வொன்றாக ஏற்றுவீர்கள். கமாரோவின் 302 கன அங்குல வி8, அதாவது ஏறத்தாழ 5 லிட்டர் எஞ்சின், நம் கட்டைவிரல் அளவில் உருவாகி நிற்கும். அப்புறம் பிளக் ஒயர். கிட்டில் ஒயர் வராது, நாமே போட வேண்டும். ஷெவர்லேயின் இந்தச் சிறிய வி8-இல் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பின்பக்கம், எஞ்சின் அறைக்கும் ஆட்கள் உட்காரும் அறைக்கும் நடுச்சுவரை ஒட்டி நிற்கும். அதன் மூடியைச் சுற்றி 0.4 மில்லிமீட்டர் துளைகள் எட்டு, நடுவில் காயிலுக்கு ஒன்று. உடைந்த இயர்போனைப் பிரித்தால் மெல்லிய ஒயர் கிடைக்கும். ஒயர்களை இழுக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. நிஜ எஞ்சினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையும் அதுவே. இடப்பக்கம் முன்னாலிருந்து 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. அந்த எட்டு ஒயர்களுக்கு எனக்கு இரண்டு இரவு பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு வி8 எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்பது, எந்தப் புத்தகத்திலும் விளங்காத அளவுக்கு எனக்கு விளங்கியிருந்தது.

ஆகவே சீக்கிரம் ஓர் அழகான கார் வேண்டுமென்றால் டமியா. காரைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அமெரிக்கக் கிட். இரண்டையும் ஒரே தராசில் வைத்து ‘ஃபிட்டிங் சரியில்லை’ என்று கமாரோவுக்கு மதிப்பெண் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல அமெரிக்கக் கிட்டுகளை ஒரே பெட்டியிலிருந்து இரண்டு மூன்று விதமாகக் கட்டலாம்: ஷோரூம் வண்டி, அலங்கார வண்டி, நேர்கோட்டுப் பந்தய வண்டி. ஒன்றைக் கட்டிய பின் மிஞ்சும் சக்கரமும் கார்புரேட்டரும் பிஸ்கட் டப்பாவில் சேரும். அந்த டப்பா நிறைய நிறைய அடுத்த கிட்டுக்குச் செலவு குறையும். டமியாவில் மிச்சம் அதிகம் விழாது.

ஜப்பான் கிட் என்றால் டமியா மட்டுமில்லை. ஹசெகவா, ஆஓஷிமா, ஃபுஜிமி மூன்றுமே ஷிசுவோகாப் பகுதிக் கம்பெனிகள்தான். ஹசெகவாவில் எஞ்சின் பெரும்பாலும் இருக்காது, ஆனால் மேல்கூட்டின் வடிவம் பிரமாதம். கோந்து, பெயின்ட் வாசனையே வீட்டில் ஆகாது என்றால் ஆஓஷிமாவின் 1/32 ஸ்னாப் கிட் இருக்கிறது. வண்ணத்திலேயே வார்த்த உதிரிகளை அழுத்திப் பொருத்தினால் போதும். அதில் சுசூகி ஜிம்னி குழந்தைகளோடு உட்கார்ந்து கட்ட ஏற்றது.

பெயின்ட் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே பாடுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த மேல்கூட்டின் மேல் நேராக வெள்ளையோ மஞ்சளோ அடித்தால், சில நாளில் உள்ளிருக்கும் சிவப்பு மேலே கசிந்து ரோஸ் ஆகும். முதலில் பிரைமர் போட்டு மூடிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் லேக்கர் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள். காற்றின் ஈரம் பெயின்டில் ஏறி வெண்புகை படிந்ததுபோல் ஆகிவிடும். விண்ட்ஷீல்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் சூப்பர் குளூ கூடாது. அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கில் படிந்து பனி மூடியதுபோல் ஆக்கும். வெள்ளைக் கோந்து போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது.

சேகரிப்பு என்று வந்தால் அமெரிக்கக் கிட்டுகளில்தான் வரலாறு கனமாக இருக்கிறது. அறுபதுகளில் ஒவ்வோர் ஆண்டும் புதுக் கார் வரும்போது, போன வருட அச்சையே செதுக்கி மாற்றி இந்த வருட கிட்டை வார்த்தார்கள். அப்படி மாற்றிய அச்சிலிருந்து பழைய வண்டியை மீண்டும் எடுக்க முடியாது. அதனால்தான் சில வருடத்துக் கிட்டுகள் அரிதாயின. இன்று ஏஎம்டி, எம்பிசி பெயர்களை வைத்திருக்கும் இந்தியானாவின் ரவுண்ட் 2 நிறுவனம் அப்படி இழந்த சிலவற்றுக்குப் புது அச்சு செய்து, பழைய பெட்டி ஓவியத்தோடேயே வெளியிடுகிறது. மறுவெளியீடு வந்த வாரமே பழைய சீல் பெட்டியின் விலை இறங்கும். கட்டுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. முதலீடாக நினைத்து வாங்கி அடுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இனி, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான சங்கதி: கட்டாத கிட்டை எப்படி வைப்பது. பல வருடம் முன்பு ஒருவரிடமிருந்து எழுபதுகளின் அமெரிக்கக் கிட் ஒன்றை வாங்கினேன். பெட்டி புத்தம்புதிதாக இருந்தது. திறந்தால், டயர் விண்ட்ஷீல்டின் மேலேயே கிடந்திருக்கிறது. டயரின் வினைலை மென்மையாக வைக்கும் வேதிப்பொருள் மெல்ல மெல்லக் கசிந்து பிளாஸ்டிக்கை உருக்கி, கண்ணாடியில் டயர் பட்டன் தடம் பதிந்திருந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனி கிட் வந்தாலும் அன்றே திறந்து, டயரைத் தனி ஜிப் கவரிலும் கண்ணாடி உதிரிகளை இன்னொன்றிலும் போட்டுவிடுகிறேன். கட்டி முடித்த காரிலும் இதே ஆபத்து உண்டு. ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் பிளம்பர் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டால் ரிம் பிழைக்கும்.

டெக்கால்களுக்கு, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்களுக்கு, ஈரம்தான் எதிரி. பிசின் இளகி, மேலிருக்கும் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மெழுகுத்தாளில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடினால் தாங்கும். மஞ்சளாகிப்போன டெக்காலை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி, சில நாள் வெயில் படவிட்டால் மஞ்சள் வெளுக்கும். விளக்கத்தாளுக்கும் பெட்டிக்கும் இராமபாணப் பூச்சியும் கரையானும் உண்டு, ஆகவே தரையோடும் சுவரோடும் ஒட்டி அடுக்கக் கூடாது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரணும் வேண்டாம். சித்திரை வெயிலில் அங்கே கை வைக்க முடியாத சூடு, மெல்லிய உதிரிகள் வளைந்துவிடும்.

பெட்டியிலும் வித்தியாசம் இருக்கிறது. டமியாவின் பெட்டி மூடியும் தட்டுமாக வரும், ஐந்தாறு அடுக்கினாலும் தாங்கும். ஜெர்மனியிலிருந்து வரும் ரெவெல் பெட்டிகளில் பல பக்கவாட்டில் திறக்கும், அட்டையும் மெலிது. மேலே எடை ஏறினால் நசுங்கும், உள்ளே கூரைத் தூண் முறியும். அவற்றைப் புத்தகம்போல நிறுத்தி வைக்கிறேன், மேல்கூட்டைச் சுற்றிக் காற்றுக் குமிழ் உறை. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் டேப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வாங்கிய மாதம், டயர் பிரித்தாயிற்றா, டெக்கால் கடைசியாக எப்போது பார்த்தது. கமாரோவின் காலிப் பெட்டியையும் நான் தூக்கிப்போடவில்லை. மிஞ்சிய பந்தயச் சக்கரங்களும் இரண்டாவது பானெட்டும் இப்போது அதில்தான் இருக்கின்றன.