54 மி.மீ. பொம்மை வீரர்களுக்கு எந்த ரயில் பொருந்தும்?

பொம்மைப் போர்வீரர்களை வைத்து இரண்டாம் உலகப் போர்க் காட்சி அமைக்க நினைக்கிறவர்களுக்கு டாங்கி, ஜீப், பீரங்கி எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். ரயில்தான் இழுத்தடிக்கும். வீரர்கள் ஒரு அளவில் வருவார்கள், ரயில்கள் வேறொரு அளவில் வரும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. நான் அமைத்திருப்பது 1944-இல் அசாம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் இந்திய வீரர்கள் சரக்கு வேகன்களிலிருந்து இறங்கும் காட்சி. மனதில் இருந்தது திமாப்பூர். அப்போது அந்த ஸ்டேஷனின் பெயர் மணிப்பூர் ரோடு. ஜப்பானியரோடு சண்டை நடந்த கோஹிமாவுக்கும் இம்பாலுக்கும் போன ஆட்களும் சாமான்களும் அங்கே ரயிலை விட்டு லாரிக்கு மாறினார்கள். அந்த ஒரு காட்சிக்காகக் கிடைக்கிற வழிகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றில் நின்றேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருந்துகொண்டு இதில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.

எதையும் வாங்குவதற்கு முன் வீரர்களை அளந்துவிடுங்கள். கோட்டார் சவேரியார் கோயில் திருவிழாக் கடைகளிலும் சுசீந்திரம் தேரோட்டக் கடைகளிலும் தொங்குகிற பச்சைப் பாக்கெட்டுகளில் ஒரே பாக்கெட்டுக்குள் மூன்று உயரம் இருக்கும். நேராக நிற்கிற ஒருவனை எடுத்து, காலடித் தட்டை விட்டுவிட்டு, பாதத்திலிருந்து உச்சந்தலை வரை ஸ்கேலில் பாருங்கள். 54 மி.மீ. வந்தால் அது 1:32, அதாவது நிஜ அளவில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஐந்தடி எட்டங்குல ஆள் என்று கணக்கு. 50 வந்தால் 1:35. 24 வந்தால் 1:72. இனி இங்கே பேசுவது எல்லாம் 54 மி.மீ. ஆட்களை வைத்து.

அதே திருவிழாக் கடையில் வட்டத் தண்டவாளத்தோடு விற்கிற பேட்டரி ரயிலுக்கு எந்த அளவும் கிடையாது. குழந்தைகளுக்கு வாங்கலாம், காட்சிக்கு வேண்டாம்.

மாடல் ரயில்களில் பரவலாகக் கிடைக்கிற இரண்டு வகைகள் ஓஓ, எச்ஓ. ஓஓ என்றால் 1:76, எச்ஓ என்றால் 1:87. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. போர்க்கால இன்ஜின்கள் வகைவகையாக இதில் கிடைக்கும். ஆனால் எச்ஓ ஆளின் உயரம் 20 மி.மீ.தான். நம் வீரனின் இடுப்புக்குக்கூட எட்டாது. இந்த வழியில் போவதென்றால் வீரர்களை மாற்ற வேண்டும். 1:72 வீரர்களை ஓஓ ரயிலோடு வைத்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. வீட்டில் இடம் குறைவு, வீரர்களையும் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் இதையே எடுங்கள். என் வீரர்கள் ஏற்கெனவே அலமாரியில் இருந்தார்கள், அவர்களை விட மனமில்லை.

தோட்டத்தில் ஓட்டுகிற ஜி வகை ரயில் 1:22.5. பெட்டி பெரிதாக, கம்பீரமாக இருக்கும். பக்கத்தில் 54 மி.மீ. வீரனை நிறுத்தினால் அவன் சிறுவனாகிவிடுவான்.

ஐரோப்பியப் போர்முனையைக் காட்டுகிறவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, கேஜ் 1. சரியாக 1:32, தண்டவாளம் 45 மி.மீ. அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்க வரியும் கட்டி வாங்கும்போது விலைதான் கையைக் கடிக்கும். இன்னொன்று, ஓடாத பிளாஸ்டிக் கிட். டிரம்பெட்டர் நிறுவனம் ஜெர்மனியின் பிஆர் 52 இன்ஜினை 1:35-இல் கொடுக்கிறது. அந்த அளவில் நம் 54 மி.மீ. வீரன் ஆறடி இரண்டங்குல ஆளாகத் தெரிவான். அப்படியும் ஆட்கள் உண்டு என்று விட்டுவிடலாம். கடல் காற்றில் துருப்பிடிக்கவும் அதில் ஒன்றும் இல்லை. நார்மண்டி, ரஷ்யா என்று காட்சி வைப்பவர்களுக்கு என் வாக்கு இந்தக் கிட்டுக்குத்தான்.

ஆனால் என் காட்சி நம் ஆட்களுடையது, அங்கே ஓடியது மீட்டர் கேஜ். இந்த ஒரு விஷயம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மி.மீ. இடைவெளி, ஐரோப்பியப் பாதையில் அது 1,435. பிஆர் 52 கிட்டின் தண்டவாளம் 41 மி.மீ. அகலம். அதில் வேகனை மட்டும் நம்மூர் வேகனாக மாற்றி வைத்தாலும் பாதை காட்டிக்கொடுத்துவிடும். மீட்டர் கேஜ் பாதை ஒடுக்கமாக இருக்கும், வேகன் இரண்டு பக்கமும் தண்டவாளத்தைத் தாண்டி நன்றாக வெளியே வந்து நிற்கும். அந்தத் தோற்றம் வராவிட்டால் அது அசாம் ஆகாது. நம் குமரி மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-இல், அதுவும் அகலப் பாதையாக. போர்க்காலத்தில் இங்கிருந்து படையில் சேர்ந்தவர்களுக்குப் பக்கத்து ரயில் என்றால் திருநெல்வேலி, இல்லாவிட்டால் திருவனந்தபுரம். இரண்டும் அன்று மீட்டர் கேஜ். மலேயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான் ராணுவம் பாதை போடக் கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்த சயாம்-பர்மா பாதை, 415 கிலோமீட்டர், அதுவும் மீட்டர் கேஜ். இந்தப் போரில் நம் ஆட்களின் கதையைச் சொல்ல வருகிற எவருக்கும் இந்த ஒடுக்கமான பாதை வேண்டும்.

1,000-ஐ 32-ஆல் வகுத்தால் 31.25. ஓ கேஜ் என்று இன்னொரு மாடல் ரயில் வகை உண்டு, அதன் தண்டவாள இடைவெளி 32 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஓ கேஜ் இன்ஜினும் பெட்டியும் 1:43 அல்லது 1:48-இல் வருவதால் அவை நமக்கு ஆகாது, வீரன் கதவுக்குள் நுழைய முடியாது. தண்டவாளத்தையும் சக்கரத்தையும் மட்டும் ஓ கேஜில் எடுத்துக்கொண்டு, மேலே 1:32-இல் வேகனை நாமே கட்டிக்கொள்வதுதான் நான் தேர்ந்தெடுத்த வழி.

சிலிப்பர் கட்டைக்கு ஐஸ் குச்சி. மீட்டர் கேஜ் மரச் சிலிப்பர் ஆறடி நீளம். 1:32-இல் 57 மி.மீ. சாதாரண ஐஸ் குச்சியின் நீளம் 114 மி.மீ. வளைந்த முனைகளையும் சேர்த்து நடுவில் வெட்டினால் இரண்டு சிலிப்பர், வளைவு ஜல்லிக்குள் மறைந்துவிடும். அகலம் கொஞ்சம் கூடுதல். பொறுமை இருந்தால் ஓரத்தைச் சீவிக்கொள்ளலாம், நான் பார்வையாளர் பக்கம் தெரிகிறவற்றை மட்டும் சீவினேன். டீத்தூள் டிகாஷனில் ஊறவைத்துக் காயவைத்தால் பழைய கட்டையின் நிறம் வரும். ஜல்லிக்கு எம்-சாண்ட் சலித்து மேலே நிற்கிற குருணை போதும். கடற்கரை மணல் இலவசம்தானே என்று அள்ளிவிடாதீர்கள். அதில் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு எதுவாக இருந்தாலும் ஆடிச் சாரல் முடிவதற்குள் அரிக்கும். தண்டவாளமும் அதனால்தான் இரும்பில் வேண்டாம், நிக்கல் சில்வரில் வாங்குங்கள். பெயரில்தான் சில்வர், உண்மையில் அது செம்புக் கலவை.

வேகனுக்குச் சன்போர்டு, அதாவது விளம்பரப் பலகைக்குப் பயன்படுகிற பிவிசி நுரை அட்டை. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் "அண்ணாச்சி, வெட்டின துண்டு ஏதாவது கிடக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். பிளேடில் வெட்டலாம், ஈரத்தில் உப்பாது. பலகை இடுக்குகளை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்தால் கோடு விழும், பெயிண்ட் அதில் தங்கி நிஜப் பலகை போலவே தெரியும். நாலு சக்கர மூடு வேகன் ஒரு பெட்டிதான், தச்சு வேலை தெரியாதவர்களுக்கும் வரும்.

அளவுக்கு வரைபடம் தேடி அலைய வேண்டாம். வேகனின் பக்கச் சுவரை ஒட்டி ஒரு ஆள் நேராக நிற்கிற பழைய படம் ஒன்று போதும், பக்கவாட்டில் நேராக எடுத்ததாக இருக்க வேண்டும். அந்த ஆளின் உயரம் 54 மி.மீ. வருகிற மாதிரி படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுங்கள். அப்புறம் கதவு, பலகை, சக்கரம் எல்லாவற்றையும் அந்தத் தாளின் மேல் ஸ்கேல் வைத்தே அளந்துகொள்ளலாம். ஆள் வேகனை விட்டு முன்னால் தள்ளி நின்றால் கணக்கு தப்பும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் விஷயத்தில் என் கை இன்னும் தேறவில்லை. என் காட்சியில் வேகன்கள் மட்டும்தான், இன்ஜின் பலகையின் விளிம்புக்கு அப்பால் நிற்பதாக வைத்துவிட்டேன். அசாம் பாதையில் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்த 2-8-2 (முன்னால் இரண்டு, நடுவில் எட்டு, பின்னால் இரண்டு சக்கரம்) மீட்டர் கேஜ் இன்ஜின்கள் ஓடின, பின்னாளில் இந்திய ரயில்வே அவற்றுக்கு எம்ஏடபிள்யூடி என்று பெயர் வைத்தது. பாய்லருக்கு பிவிசி குழாய் வெட்டி ஆரம்பித்திருக்கிறேன். சக்கரமும் இணைப்புத் தண்டும் பார்த்தவுடன் நம்புகிற மாதிரி வருமா என்று இப்போது சொல்ல முடியாது. ரயில் ஓடியே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கும் இந்த வழி சரிப்படுமா என்பது சந்தேகம்தான். கையால் கட்டிய பாதையில் மோட்டார் வைத்து நான் ஓட்டிப் பார்த்ததில்லை.