தண்ணியில நைட்ரேட், பொஸ்பேட் பாக்குற கிட் வாங்கலாமா?

மீன் தொட்டிக்காரங்களுக்கு விக்கிற சொட்டு மருந்து கிட் தான், ஆனா நுவரெலியா பக்கம் பீலித் தண்ணி (மலை ஊத்துல இருந்து வர்ற தண்ணி) குடிக்கிற நம்ம ஆளுங்க கட்டாயம் ஒண்ணு வாங்கி வச்சுக்கணும். நைட்ரேட்டுக்கு நல்லா வேல செய்யுது. ரெண்டாவது போத்தல அரை நிமிஷமாவது நல்லா குலுக்குங்க, தூள் அடியில படிஞ்சி கிடந்தா கலர் வெளுப்பா வந்து தண்ணி சுத்தம்னு காட்டிரும். எங்க உருளக்கெழங்குப் பாத்திக்குக் கீழ ஓடையில மழைக்கு அப்புறம் நல்ல செம்மஞ்சள், மேல காட்டுல இருந்து வர்ற ஊத்துல வெறும் மஞ்சள், போட்ட யூரியா எங்க போகுதுன்னு பாத்து மனசே கேக்கல.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், கலர ஒப்பிட்டுப் பாக்க கிட்டோட வர்ற அட்டையில நைட்ரஜன் கணக்குல இருந்தா 4.4 ஆல பெருக்கிக்கங்க. கொதிக்க வச்சா நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த கூடத்தான் செய்யும், பால்மா கரைச்சிக் குடுக்குற கைக்குழந்தை உள்ள வீட்டுல இத மறக்கவே கூடாது.

பொஸ்பேட்டுக்கு இது சரிவராது. அட்டையில முதல் படியே 0.25, கிரகரி வாவி மாதிரி தேங்குற தண்ணிக்கு லீட்டருக்கு 0.03 மில்லிகிராம் பொஸ்பரஸே பாசி பிடிக்கப் போதும், அதோட பொஸ்பரஸ்ல பெரும்பங்கு மண்ணுல ஒட்டிக்கிட்டு கலங்கல்ல தான் வரும், இந்தச் சொட்டு கரைஞ்சத மட்டும் தான் காட்டும். வாங்குறப்போ காலாவதித் திகதி பாருங்க.