பழைய கடைசல் லேத் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: 38,000 ரூபாய் போச்சு

செகண்ட் ஹேண்ட் மரக் கடைசல் லேத், 38,000 ரூபாய். வாங்கி ஆறு நாள்தான் ஆகிறது. மரத்தைச் சுழற்றும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன், கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

கோவைப் பக்கம், பழைய மிஷின் வாங்கி விற்கிற கடை. லேத்தை ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டினார் கடைக்காரர். விழவில்லை. "பாருங்கண்ணா, அசையுதுங்களா?" என்றார். அந்த இடத்தில்தான் ஏமாந்தேன். பெல்ட்டை மெதுவான புல்லியில் போட்டு வெறுமனே ஓட்டினால் தேய்ந்த லேத்திலும் நாணயம் நிற்கும். மரத்தில் உளி பட்டால்தான் ஸ்பிண்டிலின், அதாவது சுழலும் தண்டின், லட்சணம் தெரியும்.

கட்டில் காலுக்கு 3 அங்குல வேப்பங்கட்டை. உளி வைத்ததுமே தடதடவென்று அதிர்ந்தது, கடைந்த இடமெல்லாம் வரிவரியாக அலை. பத்தே நிமிடத்தில் முன்பக்கம் கை வைக்க முடியாத சூடு. பிரித்தால், சத்தம் அமுங்குவதற்காக கிரீஸை அள்ளித் திணித்திருக்கிறார்கள். துடைத்துப் பார்த்தால் ஸ்பிண்டிலைத் தாங்கும் 6206 பேரிங் புதுசு! போயிருப்பது அது உட்காரும் குழி. விட்டம் 62 மி.மீ. இருக்க வேண்டியது தேய்ந்து அகன்றுவிட்டது. குழிக்குள் சுற்றிலும் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி, எழும்பிய மேட்டில் பேரிங்கை இறுக்கியிருக்கிறார்கள். சுமை விழுந்ததும் மேடு நசுங்கி, பேரிங்கின் வெளி வளையமும் சேர்ந்து சுற்றியிருக்கிறது. சூடு வந்தது அதனால்தான்.

பேரிங் போனால் சில நூறு ரூபாயோடு முடியும். குழி போனால் போரிங் போட்டு அதைக் குடைந்து பெரிதாக்கி, உள்ளே புஷ் என்கிற வளையம் இறக்கி, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கோடு மையம் சேர்க்க வேண்டும். இதற்கா 38,000? அடியில் இருக்கும் நீளமான பெட்டும் டெயில்ஸ்டாக்கும் தவிர மற்றது காயலான் கடை எடைக்குத்தான் போகும்.

போன் செய்தால் முதல் நாள், "புது பெல்ட்டுங்க, ஓட ஓட செட் ஆயிரும்." மறுநாள், "மெக்கானிக் ஊருக்குப் போயிருக்காருங்க." மூன்றாம் நாள், "பழைய மிஷினுக்கு ஏதுங்கண்ணா கேரண்டி? பில்லைப் பாருங்க." பில்லின் அடியில் பேனாவால் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருக்கிறது. அப்புறம் போனே எடுக்கவில்லை. 38,000 வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்த அதே ஆள்!

வாங்கப் போகிறவர்கள் மரக்கட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அரை மணி நேரம் கடைந்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பெல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிண்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து நெம்புங்கள். நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை ஸ்பிண்டில் மேல் வைத்திருங்கள், முள் துள்ளினால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் சென்டர் என்கிற கூர்முனையை மாட்டி முனையோடு முனை சேர்கிறதா பாருங்கள். புதுப் பெயின்ட் என்றால் அடியில் பட்டி இருக்கிறதா என்று சுரண்டிப் பாருங்கள். ஸ்பிண்டில் மரையில் கட்டையைக் கவ்விப் பிடிக்கும் உங்கள் சக் ஏறுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். முன் பேரிங் மூடியைக் கழற்ற விடாத கடையில் அட்வான்ஸ்கூட கொடுக்காதீர்கள்.