மசாய் மாரா சஃபாரிக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கென்யா போகத் திட்டம் போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எங்களிடம் விற்றது ஒரு சஃபாரி, காட்டியது வேறொன்று.

மாராவில் நரோக் கவுன்ட்டி நிர்வாகத்தின் கீழ் இருக்கும் தேசியக் காப்பகம் ஒன்று. அதை ஒட்டியே நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் மாதிரி கன்சர்வன்சிகள் இருக்கின்றன, அதாவது மசாய் மக்களின் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் வனவிலங்குப் பகுதிகள். இரவு சஃபாரி, வழிகாட்டியோடு நடந்து போவது, பாதையை விட்டு இறங்கி சிங்கத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவது எல்லாம் கன்சர்வன்சியில்தான். காப்பகத்துக்குள் இந்த மூன்றுக்கும் அனுமதி இல்லை. கன்சர்வன்சியில் பெரும்பாலும் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டுமே இடம் என்பதால் கூட்டம் குறைவு, விலையும் அதிகம்.

நைரோபி ஏஜென்ட் எங்களிடம் வாங்கியது கன்சர்வன்சி விலை. இரவு சஃபாரியும் காலை நடையும் நிச்சயம் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார். கொண்டுபோய் இறக்கியதோ காப்பகத்தின் செகெனானி கேட்டுக்கு வெளியே ஒரு முகாமில். லேண்ட் க்ரூசர் என்று சொன்னது மினி வேன் ஆனது, அதிலும் முன்பின் தெரியாத இன்னொரு குடும்பம். வில்டபீஸ்ட் என்ற காட்டு விலங்குகள் கூட்டமாக ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாக ஆசைப்பட்ட அம்மாவுக்கு, முழங்கால் வலியோடு நடு சீட்டில் உட்கார்ந்து முன்னால் நின்ற வண்டிகளின் முதுகைப் பார்க்கத்தான் முடிந்தது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கேட்டில் இன்னொரு அடி. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. நாங்கள் போனது ஆகஸ்டில், அவர் கணக்கு வைத்திருந்தது 100. மீதியை நாங்களே கட்டினோம். திடீரென்று ஏறிவிட்டதாம்! இந்த 200 டாலர் 2024 ஜூலையிலேயே வந்துவிட்டது. அந்தச் சீட்டும் காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும், அப்புறம் எங்கே இரவு சஃபாரி?

பணத்தைத் திருப்பிக் கேட்டால், காட்டில் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்கிறார். சிங்கம் வருமா வராதா என்பதற்கு யாரும் உத்தரவாதம் கேட்கவில்லை. எந்த இடம், எந்த வண்டி என்பது அவர் கையில் இருந்த விஷயம்.

முன்பணத்துக்கு முன் கன்சர்வன்சியின் பெயர், முகாமின் பெயர் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். முகாமுக்கு நீங்களே மெயில் போட்டு உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். பில்லில் கன்சர்வன்சி கட்டணம் தனி வரியாக இருக்க வேண்டும், வண்டி உங்களுக்கு மட்டுமா என்பதும். இதற்கெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் அந்த ஏஜென்ட் வேண்டாம்.