பவர்ரீனேம்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பத்திரகாளி அம்பாள் கோயில் தேருக்கு இரண்டு கமராவோடு போனால், திரும்பி வரும்போது இரண்டு மெமரி காட்டிலும் ஒரே பெயரில் படங்கள் கிடக்கும். கமரா போடும் எண் 9999 வரைக்கும்தான், அதற்குப் பிறகு மறுபடியும் 0001. கல்யாண மாதத்தில் திருகோணமலையில் ஸ்டூடியோ நடத்துகிறவர்களுக்கு இந்தத் தலையிடி தெரியும். நான் இதற்கு வைத்திருப்பது பவர்ரீனேம், பல பைல்களின் பெயரை ஒரேயடியாக மாற்றும் மென்பொருள். விண்டோஸுக்கான மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் வருகிறது. இலவசம்.

படங்களைத் தெரிவு செய்து, வலது கிளிக் பண்ணித் திறந்தால் ஒரு பக்கம் பழைய பெயர், பக்கத்தில் புதிய பெயர். தேட வேண்டியதையும் மாற்ற வேண்டியதையும் எழுத எழுத, பட்டியலில் பெயர்கள் கண் முன்னே மாறும். பிழை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். தப்பித் தவறி அழுத்திவிட்டாலும் கன்ட்ரோல் இசட் கைகொடுக்கும். எண்களை மூன்று இலக்கமாகவும் போடச் சொல்லலாம். நெளிந்த அடைப்புக்குறிக்குள் அதற்கொரு சூத்திரம் எழுத வேண்டும், முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 001, 002 என்று போடாவிட்டால், வாடிக்கையாளர் வீட்டு டிவியில் 1-க்கு அடுத்து 10 வந்து, தாலி கட்டும் முன்பே பந்தி தொடங்கிவிடும்.

குறையும் உண்டு. பெயரில் திகதி சேர்க்கும் வசதி, என்னிடம் இருக்கும் பதிப்பில், பைல் உருவான திகதியை எடுக்கிறது. மெமரி காட்டிலிருந்து கணினிக்குப் பிரதி பண்ணிய படத்துக்கு அது பிரதி பண்ணிய நாள். வெள்ளிக்கிழமைத் திருவிழா திங்கட்கிழமை ஆகிவிடும். அதனால் திகதியை நான் கையாலேயே எழுதுகிறேன்.

எக்ஸ்டென்ஷனை, அதாவது பைல் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வருவதை, மட்டும் மாற்றும் தெரிவும் இதில் இருக்கிறது. ஜேபிஇஜி என்று முடிவதை ஜேபிஜி ஆக்கலாம், இரண்டும் ஒன்றுதான். சிக்கல் ஐபோன் படங்களில். 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அவை எச்இஐசி என்ற வேறொரு பட வடிவில் வருகின்றன. "அண்ணே, பின்னால ஜேபிஜி எண்டு மாத்திட்டன், இன்னும் திறக்குதில்லை" என்று கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தம்பி போனை நீட்டினார். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. படத்தைத் திறந்து வேறு வடிவில் சேமிக்க வேண்டும். சில மென்பொருள்கள் பெயரைப் பொருட்படுத்தாமல் உள்ளே பார்த்துத் திறந்துவிடும், குழப்பமே அதனால்தான்.

எக்ஸ்டென்ஷன் மாற்றுவது உண்மையிலேயே உதவுகிற இடமும் ஒன்று உண்டு. பழைய குடும்பப் படங்களை வேர்டில் ஒட்டி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். டொக்எக்ஸ் என்று முடியும் அந்த வேர்ட் பைலுக்கு ஒரு பிரதி எடுத்து, அதன் கடைசியை ஸிப் என்று மாற்றினால், உள்ளே வேர்ட் என்ற போல்டர், அதற்குள் மீடியா, அதில் படங்கள் தனித்தனியாக. வேர்ட் சேமிக்கும்போது படங்களை வழக்கமாக 220 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 220 புள்ளி) சுருக்கிவிடும், என்றாலும் ஸ்கிரீன்ஷாட்டை விட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் செய்ய எக்ஸ்டென்ஷன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விண்டோஸ் அதை மறைத்துத்தான் தருகிறது, ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எக்ஸ்புளோரரின் வியூ பகுதியில் போய்த் திறந்துவிடுங்கள். பென் டிரைவில் போல்டர் படத்தோடு உட்கார்ந்திருப்பது இஎக்ஸ்இ என்று முடியும் வைரஸ் புரோகிராம் என்பதும் அப்போதுதான் தெரியும்.

நாலைந்து பைல் என்றால் பவர்ரீனேமைத் திறப்பதில்லை. எஃப்2 அழுத்திப் பெயர் எழுதி, டேப் அடித்தால் அடுத்த பைலுக்குப் போய்விடும். பில் போடும் மேசையில் இருக்கும் விண்டோஸ் 7 கணினியில் பவர்டாய்ஸ் ஏறாது. அங்கே கட்டளை எழுதும் கறுப்புத் திரையில், பெயர் மாற்றும் ரென் கட்டளைதான். நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் ஒரே வரியில் போல்டர் முழுக்க எக்ஸ்டென்ஷன் மாறும், ஆனால் முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது, கன்ட்ரோல் இசட்டும் கிடையாது.