ஆசிரியருடன் பயணம் செய்து ஒளிப்படம் கற்றல்: சில ஆண்டு அனுபவம்

அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் நடத்தும் ஒளிப்படப் பயணங்களில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து கலந்துகொண்டு வருகிறேன். சென்னையிலிருந்து புறப்படும் இத்தகைய குழுப் பயணங்கள் இப்போது பெருகிவிட்டதால், யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைவிட இவற்றில் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெளிச்சம் மாறிக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் நம் கேமராவின் திரையைப் பார்த்து அங்கேயே திருத்தம் சொல்வதற்கு ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதே என் பதில்.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் மரங்களுக்குத் திரும்பும்போது, பறக்கும் பறவை கலங்காமல் பதிய 1/2000 நொடி போன்ற ஷட்டர் வேகம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆனால் கரும்பச்சை மரங்களின் முன்னால் வெள்ளைப் பறவை வந்தால், கேமரா அந்த இருண்ட பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படத்தை வெளிச்சமாக்கிவிடும். இறகுகளின் நுணுக்கம் வெளுத்துப் போய்விடும். எங்கள் ஆசிரியர் படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைத் திறந்து, வலது ஓரத்தில் முட்டி நிற்கும் கோட்டைக் காட்டி, கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும்படி, குறைக்கச் சொன்னார். அடுத்த பறவையின் சிறகில் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. இந்த விதியைப் பலமுறை படித்திருந்தும், விரல் தானாகக் கேமராவில் அதற்கான சக்கரத்தைத் திருப்பத் தொடங்கியது அன்று மாலைக்குப் பிறகுதான்.

ஹம்பிப் பயணம் இதைவிட ஆழமாகப் பதிந்தது. விடியலுக்கு முன் மாதங்க மலை ஏறியவர்கள் அனைவரும் கிழக்கே சூரியனையே குறிவைத்துக் காத்திருந்தபோது, ஆசிரியர் எங்களைத் திரும்பி மேற்கே பார்க்கச் சொன்னார். விரூபாட்சர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரத்தில் முதல் வெயில் உச்சியிலிருந்து படிப்படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கோயிலுக்குள்ளேயே அழைத்துச் சென்றார். அங்கே ஓர் இருண்ட அறையின் சுவரில், சிறிய துளை வழியாக வரும் ஒளியால் அதே கோபுரம் தலைகீழாக விழுகிறது. அவர் ஒரு வெள்ளைத் தாளைத் துளைக்கு அருகே பிடித்தபோது பிம்பம் சிறிதாகவும் பளிச்சென்றும் இருந்தது. தாளை விலக்க விலக்க அது பெரிதாகி மங்கியது. குவியத் தூரத்துக்கும் (இங்கே துளைக்கும் தாளுக்கும் இடையிலான தூரம்) ஒளியின் அளவுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறையிலும் நான் கண்டதில்லை.

மனிதர்களைப் படமெடுப்பதில்தான் குழுப் பயணத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது, ஆசிரியரின் தரமும் அங்கேதான் வெளிப்படுகிறது. குலசேகரப்பட்டினம் தசராவில் பல நாள் விரதமிருந்து காளி வேடமிட்டு வரும் ஒருவரை, முகத்துக்கு நேராகப் பல கேமராக்கள் சூழ்ந்துகொண்டால் அது வழிபாட்டுக்கு இடையூறு என்பதோடு, கிடைக்கும் படங்களும் ஒரே மாதிரியாகவே இருக்கும். "கேமராவை இறக்குங்க, முதல்ல அவர்கிட்ட பேசுங்க" என்பதே எங்கள் ஆசிரியரின் நிலையான கட்டளை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அணுக வேண்டும்; மற்றவர்கள் விலகி நின்று வேறு எதையாவது கவனிக்க வேண்டும்; படம் தருவதாகச் சொன்னால் அனுப்பியே தீர வேண்டும். வேடம் கட்டும்போது மையிடும் விரல்கள், சடைமுடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகள் என என் தொகுப்பில் நான் மிகவும் மதிக்கும் படங்கள் அந்த ஒழுங்கினால் கிடைத்தவைதாம்.

எல்லாப் பயணங்களும் இப்படி அமைவதில்லை. வேறொரு நிறுவனத்துடன் சென்ற பயணத்தில் பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு, காலை வெயில் சுள்ளென்று ஏறிய பிறகே இடத்தில் இறக்கிவிட்டார்கள். வழிகாட்டியாக வந்தவர் நல்ல கோணத்தில் தமது முக்காலியை ஊன்றிக்கொண்டு, தம் படங்களிலேயே மூழ்கிவிட்டார். ஆகவே சேர்வதற்கு முன், குழுவில் எத்தனை பேர் என்பதையும், பயணத்தில் ஆசிரியர் தமக்காகப் படமெடுப்பாரா என்பதையும் விசாரித்துவிடுவது நல்லது. பத்துப் பேருக்கு மேல் போனால் ஒருவரே எல்லாருக்கும் திருத்தம் சொல்ல முடியும் என்று நான் நம்பவில்லை. கேமராவின் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வேடந்தாங்கல் போன்ற இடங்களுக்கு மட்டும் நீள லென்ஸ் தேவைப்படும், அதையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இரவு உணவுக்குப் பின் நடக்கும் படத் திறனாய்வைக் களைப்பைக் காரணம் காட்டித் தவிர்ப்பவர்கள் கட்டணத்தில் பாதியை இழக்கிறார்கள் என்றே சொல்வேன். அன்று எடுத்தவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எல்லார் முன்னாலும் வைக்க வேண்டும். ஏன் இந்த மூன்று என்று விளக்கவும் வேண்டும். ஒரே தெருவில் நடந்த மற்றவர்கள் எதைக் கண்டார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். படங்களைக் கணினியில் மெருகேற்றுவதற்கு மட்டும் பயணத்தில் நேரம் போதவே போதாது. எங்கள் ஆசிரியர் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அதற்கெனத் தனி அமர்வு வைக்கிறார். பயணத்தின் பரவசம் அடங்கிய பிறகு பார்ப்பதால், எந்தப் படத்தை நீக்க வேண்டும் என்பதில் அப்போது தயக்கமே வருவதில்லை.